எந்தப் பெர்த்?

(ஒலி ஒத்த ஆங்கிலச் சொற்களைப் பற்றிப் புன்னைக்காயலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்தப் பேச்சை அச்சுக்குத் தரும்போது எனக்கு ஒரு சங்கடம் வந்தது. மேடையில் பேசும்போது கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட்டேன். அச்சிலோ எல்லாம் தமிழ் எழுத்தில் வர வேண்டும் என்றார்கள். எழுத்தில் வேறுபட்டு ஒலியில் ஒன்றாய் நிற்கும் ஆங்கிலச் சொற்களைப் பற்றித்தான் என் பேச்சே. தமிழில் எழுதினால் அந்த வேறுபாடு மறைந்து இரண்டும் ஒரே சொல்லாகிவிடும். பிறகு யோசித்துப் பார்த்தேன். அதுவும் நல்லதுதான். எழுத்துத் தெரியாமல் காதை மட்டும் நம்பி அந்த மொழிக்குள் நுழைகிறவனுக்கு எப்படி இருக்கும் என்பது வாசகருக்கும் தெரியட்டும்.

பெர்த் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘ஐ’ எழுத்துப் போட்டு எழுதினால் பிறப்பு. ‘ஈ’ எழுத்துப் போட்டு எழுதினால் ரயிலில் நாம் படுக்கும் பலகை, கப்பலில் படுக்கை, துறைமுகத்தில் கப்பல் கட்டும் இடம், கப்பலில் ஒருவனுக்குக் கிடைக்கும் வேலைக்கும் அதே பெயர். 34 வருடம் ஆங்கில வாத்தியாராக இருந்தேன். என்னிடம் படித்த பையன் ஒருவன் கப்பல் வேலைக்கு மனு எழுதிக்கொண்டு வந்து காட்டினான். பிறந்த தேதி என்று எழுத வேண்டிய இடத்தில் படுக்கைப் பலகையின் தேதியை எழுதியிருந்தான். உங்கள் கப்பலில் எனக்கு ஒரு வேலை தாருங்கள் என்று எழுத வேண்டிய இடத்தில் உங்கள் கப்பலில் எனக்கு ஒரு பிறப்பைத் தாருங்கள் என்று கேட்டிருந்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு நான் செய்த காரியங்களில் இன்றுவரை உறுத்துவது அதுதான். அவனைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

துறைமுகத்தில் நின்று பார்த்தால் இப்படிப்பட்ட இரட்டைச் சொற்கள் வலையில் நெத்திலி சிக்குவதுபோலச் சிக்கும். கப்பல் அணையும் கல்மேடை கீ. பூட்டைத் திறப்பதும் கீ. ஆழம் காட்ட மிதக்கவிடும் மிதவை பாய், பையனும் பாய். கடலுக்குள் நீளும் பாலம் பியர். ஒத்த தகுதியுள்ளவனும் பியர். கப்பல் பாய் ஸெயில் என்றால் விற்பனையும் ஸெயில். ஏற்றவற்றம் டைட், கட்டிப் போட்டதும் டைட். இவை அந்த மொழியையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் தடுமாறுகிற இடங்கள்.

இதோடு நம் காதுக்கென்றே சில தடுமாற்றங்கள் உண்டு. ஆங்கிலேயன் காதில் பையும் முதுகும் வேறு வேறு சொற்கள். நமக்கு இரண்டும் பேக். நிலக்கரியும் பந்தாட்டத்துக் கோலும் நமக்குக் கோல்தான். காரணம் எளிது. தமிழில் ஒரே ‘க’ கடலில் ஒரு விதமாகவும் சங்கில் ஒரு விதமாகவும் பகலில் வேறொரு விதமாகவும் ஒலிக்கிறது. இடத்தைப் பார்த்து வாய் தானே மாற்றிக்கொள்கிறது, நமக்கு அது தெரிவதுகூட இல்லை. அதனால் அந்த வேறுபாட்டை நம் காது பொருட்படுத்துவதில்லை. பதிலுக்கு, ஐரோப்பியன் காது பொருட்படுத்தாத ஒன்றை நம் காது பிரித்துவிடும். அலை, அளை, அழை மூன்றும் அவனுக்கு ஒன்று. கரையும் கறையும் ஒன்று. வலையும் வளையும் ஒன்று. வலை வீசப் போகிறவனுக்கும் வளையல் விற்கப் போகிறவனுக்கும் அவன் காதில் வேறுபாடு இல்லை. ஆக, காது கேட்பது தாய்மொழி பழக்கிவிட்டதைத்தான். பையன் பெர்த்தில் தவறியதற்குப் புத்திக் குறைவு காரணம் இல்லை.

அப்படியானால் ஆங்கிலத்தில் மட்டும் ஒரே ஒலிக்கு இத்தனை எழுத்துக் கோலம் ஏன்? வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அந்த நாட்களில் ஆங்கிலத்தின் உயிரொலிகள் இடம் பெயர்ந்துகொண்டிருந்தன. அச்சு எழுத்தைக் கட்டிப் போட்டது. வாய் மட்டும் தன் போக்கில் ஓடிக்கொண்டே இருந்தது. போர்வீரனைக் குறிக்கும் நைட் என்ற சொல்லின் முன்னால் ‘கே’ எழுத்து ஒன்று சும்மா நிற்கிறதே, அந்த ‘கே’யை ஒரு காலத்தில் வாய்விட்டு ஒலித்தார்கள். ஒலி செத்துப்போனது, எழுத்து மட்டும் நடுகல்போல நிற்கிறது. அதனால் இரவும் போர்வீரனும் இன்று ஒரே ஒலியில் வந்து முட்டிக்கொள்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவைக்கும் இணைகளில் பல உண்மையில் உடன்பிறந்தவை. அசையாமல் நிற்பதைச் சொல்லும் ஸ்டேஷனரியும் காகிதம் பேனா விற்கும் கடையின் ஸ்டேஷனரியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். கூடையைத் தலையில் சுமந்து திரிந்து விற்கிற வியாபாரிகளுக்கு நடுவே, ஒரே இடத்தில் கடை போட்டு நின்று புத்தகம் விற்றவனை இடைக்கால ஐரோப்பாவில் நிலைக்கடைக்காரன் என்ற பொருளில் அழைத்தார்கள். அவன் விற்ற சரக்குக்கும் அவன் பெயரே வந்தது. மாவைக் குறிக்கும் ஃபிளவரும் பூவைக் குறிக்கும் ஃபிளவரும் அப்படித்தான். அரைத்த தானியத்தில் மிக நேர்த்தியான பகுதிக்குப் பூ என்று பெயர் வைத்தார்கள்; வெகுகாலம் கழித்துத்தான் எழுத்தைப் பிரித்தார்கள். தலைமையாசிரியரான பிரின்சிபலும் கொள்கையான பிரின்சிபலும் ஒரே லத்தீன் குடும்பம். (கொள்கை இல்லாத தலைமையாசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். அது வேறு கதை.) இந்த உறவுமுறையைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். பட்டியலை மறுநாளே மறந்துவிடுவார்கள்.

இனி, காது செய்யும் இன்னொரு வேலை. புதுச் சொல் ஒன்று காதில் விழுந்தால், தனக்கு ஏற்கெனவே தெரிந்த சொல் ஒன்றின் சட்டையை எடுத்து அதற்கு மாட்டிவிடும். அமெரிக்காவின் தென்கோடியில் ஒரு தீவு. ஸ்பானியர் அதற்கு எலும்புத் தீவு என்ற பொருளில் காயோ வேசோ என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலேயர் காதில் அது கீ வெஸ்ட் என்று விழுந்தது. எலும்பு மேற்குத் திசையாகிவிட்டது. இங்கே நம் கிடங்கு மலாய் வாயில் குடாங் ஆகி, ஆங்கிலேயனிடம் கோடவுன் ஆனது. கோ என்றால் போ, டவுன் என்றால் கீழே. பண்டகசாலைக்குக் கீழே இறங்கிப் போக வேண்டுமல்லவா என்று அவனே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டான். பிறகு நாமே அதைத் திருப்பி வாங்கி உப்புக் குடோன் என்கிறோம். நம் கிடங்கை நாமே வெளிநாட்டுச் சரக்காக இறக்குமதி செய்த கதை இது. யூலும் பர்னலும் 1886-இல் வெளியிட்ட ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியின் பெயரே ஹாப்சன்-ஜாப்சன். மொகரம் ஊர்வலத்தில் யா ஹசன், யா ஹுசைன் என்று எழுந்த குரலை ஆங்கிலச் சிப்பாய்கள் கேட்ட விதம் அது.

காசு கதை இதைவிடச் சுவை. போர்ச்சுக்கீசியர் நம் காசைக் கேட்டார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்குக் காய்ஷா என்று ஒரு சொல் ஏற்கெனவே இருந்தது. காசு காய்ஷா ஆயிற்று. ஆங்கிலேயன் அதைக் கேஷ் ஆக்கினான். ஆனால் அவன் மொழியில் பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த இன்னொரு கேஷ் முன்பே இருந்தது. இரண்டுக்கும் ஒரே எழுத்து. நல்ல அகராதியைப் புரட்டினால் கேஷ் என்ற தலைப்பில் இரண்டு பதிவுகள் இருக்கும். அதில் ஒன்று நம்முடையது.

நாம் மட்டும் சளைத்தவர்களா? கரையில் மீன் வந்ததும் ஏலம் போடுகிறோமே, அந்த ஏலம் போர்ச்சுக்கீசிய லெய்லாவ். மலையாளத்தில் இன்றைக்கும் லேலம்தான். தமிழில் பழைய இலக்கணப்படி லகரம் சொல்லுக்கு முதலில் வராது, அதைத் தட்டிவிட்டோம். தட்டியதும் பாயசத்தில் போடுகிற ஏலத்தோடு வந்து ஒட்டிக்கொண்டது. பூட்டுக்குரிய சாவி போர்ச்சுக்கீசிய ஷாவி. வயலில் பால் பிடிக்காமல் பதராகிப்போகும் பயிரையும் சாவி என்று நம் உழவர்கள் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் உட்காரும் பலகை வாங்கு. கடையில் சாமான் வாங்குவதும் வாங்குதான். அங்கே போன புதிதில் வாங்கில இருங்கோ என்றால் எதை வாங்க என்று விழிக்க வேண்டியதுதான். தூத்துக்குடித் தோணியை நடத்துகிறவர் தண்டல். வரி வசூலும் தண்டல். தண்டல் வந்திருக்கிறார் என்றால் தோணிக்காரர் எழுந்து வரவேற்பார், கடன்காரர் கொல்லைப்புறமாகப் போய்விடுவார்.

பார் என்ற சொல்லை இந்த ஊரில் விளக்க வேண்டியதில்லை. முத்துச்சிப்பி படிந்து வளரும் கடலடிப் பாறைத் திட்டு. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொலாயிரம் பார் இங்கிலீஷ்காரனின் முத்துக்குளிப்பு அறிக்கைகளில் எல்லாம் வரும். ஆங்கிலத்தில் ஆற்று முகத்து மணல் திட்டும் பார். நம் தாமிரபரணி கடலில் விழும் இடத்திலும் அது உண்டு. வக்கீல் கூட்டமும் பார். மதுக்கடையும் பார். தூத்துக்குடி முத்துப் பார்களில் கடைசியாக முத்துக்குளித்தது 1961-இல். இன்று பார் என்றால் நகரத்துப் பிள்ளைகளுக்கு எது நினைவுக்கு வரும் என்று நான் சொல்லி இந்த மேடையைக் கெடுக்க விரும்பவில்லை.

இப்போது இந்த ஊருக்கே வருகிறேன். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கடற்கரைக்கு வந்தார். தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பாளர்களை வைத்து மன்றாட்டுகளைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். 1544-இல் தம் உடன் ஊழியர் மான்சிலாசுக்கு அவர் எழுதிய மடல் ஒன்றில் ஒரு திருத்தம் வருகிறது. விசுவாச அறிக்கையில் நம்புகிறேன் என்று வர வேண்டிய இடத்தில் எனக்கு வேணும் என்று இருந்திருக்கிறது. கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதில், கடவுள் எனக்கு வேணும்! வேணும் என்பதை எடுத்துவிட்டு விசுவாசம் என்ற சொல்லைப் போடும்படி எழுதுகிறார். இன்னொன்று, வன்பினாலே என்ற சொல். அது கட்டாயத்தைக் குறிக்கும், கிறிஸ்து பாடுபட்டது தம் சொந்த விருப்பத்தால், ஆகவே அதைச் சொல்லாதீர்கள் என்கிறார். வன்புக்கும் அன்புக்கும் இடையே ஒரே ஓர் எழுத்து.

எனக்கு வேணும் எப்படி உள்ளே புகுந்தது? என் ஊகத்தைச் சொல்கிறேன், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். போர்ச்சுக்கீசியத்தில் நம்புகிறேன் என்பது க்ரேயோ. வேண்டும் என்பது கேரோ. அரைகுறையாக அந்த மொழி பழகிய நம் ஆள் ஒருவர் காதில் இரண்டும் ஒன்றாய் விழுந்திருக்கலாம். அப்படியானால் இந்தக் கரையில் ஒலி மயக்கத்தால் விளைந்த முதல் பெரிய பிழை என் மாணவனுடையது அல்ல. அவனுக்கு 400 வருடத்துக்கு முன்னாலேயே ஓர் ஆள் இருந்திருக்கிறார்.

சவேரியாருக்குப் பின் வந்தவர் இந்தப் பிழைகளை அடியோடு தீர்க்கப் பார்த்தார். 1520-இல் போர்ச்சுக்கலில் விலா விசோசாவில் பிறந்த என்ரிக்கே என்ரிக்கஸ், 1546-இல் இந்தியா வந்து மறு வருடம் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார். பெயரையே நாம் அண்டிரிக்குப் பாதிரியார் ஆக்கிவிட்டோம். அவர் அதைப் பிழை என்று சொல்லவில்லை, தம் புத்தகத்திலும் அப்படியே அச்சடித்துக்கொண்டார். துபாஷிகளை நம்பாமல் தாமே தமிழ் படித்தார். போர்ச்சுக்கீசியத்தில் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்கு எழுதிய முதல் இலக்கணம் அதுதான். கையெழுத்துப் படி லிஸ்பனில் இருக்கிறது. புன்னைக்காயலில் மருத்துவமனை வைத்தார், தமிழ் கற்கப் பள்ளி வைத்தார்.

1554-லேயே லிஸ்பனில் தமிழ் மறைநூல் ஒன்று அச்சாகியிருந்தது. ஆனால் ரோம எழுத்தில். அந்த எழுத்து வரிசையில் லகரம் ஒன்றே ஒன்று. நமக்கோ மூன்று வேண்டும். தமிழைத் தமிழ் எழுத்தில் அச்சடிக்க வேண்டும் என்ற நிலைக்கு என்ரிக்கஸ் வந்தது வீண் ஆசையால் அல்ல. 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அவருடைய தம்பிரான் வணக்கம், 16 பக்கம், தமிழ் எழுத்தில் அச்சாகி வெளிவந்தது. 1586-இல் அடியார் வரலாறு, 600 பக்கத்துக்கு மேல். அது அச்சானது இந்தப் புன்னைக்காயலில்தான் என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். 1967-இல் இராசமாணிக்கம் அடிகளார் அதைத் தூத்துக்குடியிலிருந்து மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்.

ஒன்றை நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அன்றைய தமிழ் எழுத்தும் குறையற்றதாக இல்லை. ஓலையிலும் அந்த முதல் அச்சிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகர ஏகாரத்துக்கு வேறுபாடும் இல்லை. எரி என்பதும் ஏரி என்பதும் எழுத்தில் ஒன்று. இடம் பார்த்துப் படிக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வந்துதான் அதைப் பிரித்துவைத்தார். ஆங்கிலத்தில் ஒலி ஒன்று, எழுத்து இரண்டு. நம்மிடம் எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. நம் தாத்தாக்கள் தடுமாறாமலா படித்தார்கள்?

இனி என் மாணவன். மனுவை நான் திருத்திக்கொடுத்தேன், கப்பலுக்குப் போனார். பல வருடம் கழித்து விடுமுறையில் வந்தவர் வீட்டுக்கு வந்தார். சார், கப்பலில் இடது பக்கத்துக்கு ஏன் போர்ட் என்று பெயர் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். அவர்தான் எனக்குச் சொன்னார், நான் பிறகு புத்தகங்களில் சரிபார்த்தேன். பழைய ஐரோப்பியக் கப்பலில் சுக்கான் துடுப்பு வலது பக்கம் இருந்தது. அதனால் அந்தப் பக்கம் ஸ்டார்போர்டு, அதாவது சுக்கான் பக்கம். சுக்கான் நசுங்காமல் இருக்க இடது பக்கத்தைத்தான் கரையோடு அணைப்பார்கள்; சரக்கு ஏறுவதும் அந்தப் பக்கம். சுமை ஏற்றும் பக்கம் என்ற பொருளில் லேடுபோர்டு என்றார்கள். ஸ்டார்போர்டோடு சேர்த்துச் சேர்த்துச் சொல்லி, எதுகைக்கு ஆசைப்பட்டு, அது லார்போர்டு ஆனது. வந்தது வினை. புயல் காற்றில் கத்தினால் எந்தப் பக்கம் என்று தெரியாது. 1844-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை லார்போர்டு என்ற சொல்லையே விலக்கிவிட்டு, போர்ட் என்று சொல்லுங்கள் என்று உத்தரவு போட்டது. கேட்டவனை அவர்கள் திட்டவில்லை. குழப்பிய சொல்லைக் கடலில் தூக்கிப் போட்டார்கள். சவேரியார் மடலில் செய்ததும் அதுதான்.

இன்றைக்கும் கப்பல் வானொலியில் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகத்தான் சொல்ல வேண்டும். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் இரைச்சலில் ஒன்றாய் விழும். அதனால் ஒன் ஃபைவ், ஃபைவ் ஸீரோ. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-இல் ஏற்றுக்கொண்ட பேச்சுத்தொடர் முறையில் இது உண்டு. ஆகாயத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சாட்சி. 1989 பிப்ரவரி 19, சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு வந்த ஃபிளையிங் டைகர் சரக்கு விமானம். 2400 அடிக்கு இறங்கு என்பதை டு ஃபோர் ஸீரோ ஸீரோ என்றார் கட்டுப்பாட்டாளர். அந்த டு இரண்டு என்ற எண். விமானி கேட்டது 400 அடி ‘வரை’ என்ற டு. மலையில் மோதி உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். பெர்த்துக்குச் சிரித்த நான், இந்தச் செய்தியைப் படித்த அன்று இரவு தூங்கவில்லை.

ஆபத்தில் மூன்று முறை கூவும் மேடே ஒலி மயக்கத்தை நல்ல வழிக்குத் திருப்பிய சொல். 1920-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கிராய்டன் விமான நிலைய வானொலி அலுவலர் மாக்ஃபோர்டு அதைக் கொண்டுவந்தார். எனக்கு உதவுங்கள் என்ற பிரெஞ்சுத் தொடரின் ஒலி அது. பிரெஞ்சுக்காரருக்கும் புரியும், ஆங்கிலேயருக்கும் வாயில் வரும். அதே காலத்தில், 1923 மே முதல் நாள், மீனவர் குடியில் பிறந்த சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். ஆங்கிலத்தில் அதுவும் மே டே. இரண்டுக்கும் உறவில்லை. இரண்டுமே உதவிக்கு ஆள் கூப்பிடுவது என்பதால் சேர்த்துச் சொல்கிறேன்.

நேரமாகிவிட்டது, அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பிள்ளையின் பிழையை வகுப்பில் வாசித்துக் காட்டாதீர்கள். நான் செய்ததை நீங்கள் செய்ய வேண்டாம். கப்பல் வேலைக்கு மனு எழுதும் பிள்ளைகளே, எழுதியதை அனுப்புவதற்கு முன் என்னிடம் கொண்டுவாருங்கள். மாலை 5 மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். எந்தப் பெர்த் என்று பார்த்துத் தருகிறேன். காசு வேண்டாம், இரண்டு கேஷும் வேண்டாம்.